உடையும் குண்டு, உடையாத குண்டு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆடு வளர்ப்பவர் வீட்டில் .243 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று இருப்பது அதிசயமில்லை. 1955இல் விற்பனைக்கு வந்த தோட்டா வகை அது. வசந்தத்தில் ஆட்டுக்குட்டிகளைத் தூக்க வரும் கயோட்டியையும் அதை வைத்துத்தான் சுடுகிறார்கள்; இலையுதிர் காலத்தில் உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகும்போதும் அதையே தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். துப்பாக்கி ஒன்றுதான், தோட்டாப் பெட்டி மட்டும் இரண்டு. கயோட்டிக்கான பெட்டியில் இருப்பது 58 கிரெயின் குண்டு, மானுக்கான பெட்டியில் 100 கிரெயின் குண்டு. கிரெயின் என்பது துப்பாக்கிக்காரர்கள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய எடை அளவு; ஒரு கிரெயின் 0.0648 கிராம். ஆக முதல் குண்டு 3.76 கிராம், இரண்டாவது 6.48 கிராம். விட்டம் இரண்டுக்கும் ஒன்றே, 6.2 மில்லிமீட்டர்.

பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருளைத் தோட்டா என்றும், குழலை விட்டுப் பறந்து போகும் உலோகத் துண்டை மட்டும் குண்டு என்றும் இந்த அத்தியாயத்தில் வைத்துக்கொள்வோம். கயோட்டி நம் ஊர் நரியின் உறவுக்கார விலங்கு, அதைவிடப் பெரியது. பொதுவாக 9 முதல் 20 கிலோ வரை இருக்கும். ஓநாய்களை மனிதர்கள் ஒழித்துக்கட்டிய இடங்களிலெல்லாம் புகுந்து, இன்று வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவே ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான கயோட்டிகளைக் கொல்கிறது. கயோட்டி குறைந்தபாடில்லை. கொல்வதால் பயனுண்டா என்பது தனி வழக்கு. அதை இங்கே எடுக்கப் போவதில்லை.

இரண்டு குண்டுகளின் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இலகுவான குண்டு வினாடிக்குச் சுமார் 1140 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது, கனமானது சுமார் 900 மீட்டர் வேகத்தில். எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். முதல் குண்டுக்கு ஏறக்குறைய 2440 ஜூல், இரண்டாவதற்கு ஏறக்குறைய 2630 ஜூல். வித்தியாசம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தோட்டாப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஆற்றல் கணக்கை மட்டும் நம்புகிறவர் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடுவார்.

ஆனால் முதல் குண்டால் மானின் தோள்பட்டையில் சுட்டால், தோலுக்கடியில் சில அங்குல ஆழத்துக்குள்ளேயே அது பொடிப்பொடியாகிவிடலாம். மேலே அகலமான, ஆழமில்லாத காயம். உள்ளே நுரையீரல் அப்படியே இருக்கும். மான் ஓடிப்போய் எங்கோ ஒரு புதரில் நாள் கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். இரண்டாவது குண்டால் கயோட்டியைச் சுட்டால், அது முழுதாக விரிந்து முடிவதற்குள்ளேயே மறுபக்கம் வந்துவிடும். கயோட்டி செத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஆற்றலில் பெரும்பகுதியைச் சுமந்தபடி குண்டு மேலும் பறக்கும், தரையில் பட்டுத் தெறிக்கும், பண்ணை வீடுகள் இருக்கும் பக்கம்கூடப் போகும். குண்டு எவ்வளவு ஆற்றலைக் கொண்டுவருகிறது என்பது பாதிக் கணக்குதான். அந்த ஆற்றலை உடலுக்குள் எந்த ஆழத்தில் இறக்கிவைக்கிறது என்பது மீதிப் பாதி. அதைத் தீர்மானிப்பது குண்டு உடையும் விதம்.

அதற்கு முன்னால் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பொய்யைத் தீர்த்துவிடலாம். சுடப்பட்டவன் பின்னால் தூக்கி எறியப்படுவது திரையில் மட்டுமே நடக்கும். 6.48 கிராம் குண்டின் உந்தம் வினாடிக்கு 5.8 கிலோகிராம்-மீட்டர். அது முழுவதும் 80 கிலோ மானின் உடலுக்குள் போய்ச் சேர்ந்தாலும் மானுக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 7 சென்டிமீட்டர். சுட்டவரின் தோளில் துப்பாக்கி கொடுக்கும் உதையில் இருக்கும் உந்தம் இதைவிட அதிகம், ஏனென்றால் குண்டோடு வெளியேறும் வாயுவின் பங்கும் அதில் சேர்கிறது. குண்டு விலங்கை இடித்து வீழ்த்துவதில்லை, திசுவைக் கிழிக்கிறது. மூளைக்குப் போகும் இரத்தம் நின்றவுடன் விலங்கு விழுகிறது. மூளையோ முதுகுத்தண்டோ நேரடியாகச் சிதைந்தால்தான் நின்ற இடத்திலேயே சரியும்.

இதை ஆராய்ந்தவர்களில் பலர் அறுவை மருத்துவர்கள். தைராய்டு ஆய்வுக்காக 1909இல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர், அதற்கு முன்பே உயிரற்ற பொருள்கள் பலவற்றில் சுட்டுப் பார்த்துக் குண்டுக் காயங்களைப் பற்றி எழுதியவர். 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் இராணுவ ஆய்வுக்கூடத்தில் மார்ட்டின் ஃபாக்லர் என்ற மருத்துவர் இதை ஒழுங்கான அளவீடாக்கினார். பத்து விழுக்காடு ஜெலட்டினைக் கரைத்து உறையவைத்து, 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுட்டால் குண்டு தசையில் போகும் ஆழத்துக்கே அதிலும் போகும் என்று பன்றித் தசையோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

அவருடைய ஜெலட்டின் கட்டிகளில் இரண்டு வகைச் சேதம் தெரிந்தது. குண்டு நேரடியாக நசுக்கிய பாதை நிரந்தரமானது. அதைச் சுற்றியுள்ள பகுதி ஒரு கணம் பலூனாக உப்பி மீண்டும் சுருங்கிவிடுகிறது. இது தற்காலிகக் குழிவு. நுரையீரலும் தசையும் மீள்தன்மை உள்ளவை, பெரும்பாலும் இந்த இழுப்பைத் தாங்கிவிடும். கல்லீரல் தாங்காது, கிழிந்துவிடும். ஃபாக்லர் கண்டுபிடித்தவற்றில் நமக்கு முக்கியமானது இதுதான்: குண்டு சிதறினால் அதன் துணுக்குகள் முதலில் திசுவைப் பல இடங்களில் துளைத்துவிடுகின்றன, அடுத்த கணமே தற்காலிகக் குழிவு அதை இழுக்கும்போது, துளைக்கும் துளைக்கும் நடுவே திசு கிழிந்துபோகிறது. தனித்தனியாக வந்தால் தாங்கக்கூடிய இரண்டு சேதங்கள் சேர்ந்து வந்தால் தாங்க முடிவதில்லை.

கயோட்டிக் குண்டின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு விளைவை நம்பியே இருக்கிறது. ஈயக் கருவைச் சுற்றிய செம்பு உறை மிக மெல்லியது. முனையில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு, அதற்குக் கீழே சிறு வெற்றிடம். தோலில் பட்டதும் கூம்பு பின்னோக்கி நகர்ந்து உறையைப் பிளக்கிறது. மீதி வேலையைச் சுழற்சி செய்கிறது. ரைஃபிள் குழலின் உட்புறத்தில் செதுக்கிய புரி குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது எந்தக் காரணத்தாலோ அதே காரணத்தால் குண்டும் தலைகீழாகப் புரளாமல் மூக்கை முன்வைத்துப் போகிறது. .243 ரைஃபிள்கள் பலவற்றில் 25.4 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. வினாடிக்கு 1140 மீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு ஏறக்குறைய 4500 சுற்று, நிமிடத்துக்கு 2,70,000. அந்தச் சுழற்சியில் பிய்த்துக்கொண்டு போகத் துடிக்கும் ஈயத்தை மெல்லிய செம்பு உறைதான் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது. உறை பிளந்த கணத்தில் எல்லாம் முடிந்தது. அளவுக்கு மீறி மெல்லிய உறையுள்ள குண்டை அளவுக்கு மீறிய வேகத்தில் அனுப்பினால் அது இலக்கைச் சேரும் முன் நடுவானிலேயே சிதறிவிடுவதும் உண்டு.

பனிக்காலக் கயோட்டியின் தோலுக்கு விலை இருந்த காலத்தில் இந்தக் குண்டுக்கு இன்னொரு கிராக்கி இருந்தது. உள்ளே போய் உள்ளேயே பொடியாகிவிட்டால் தோலில் ஒரு சிறு துளைதான்; மறுபக்கம் ஓட்டை விழாது, வியாபாரி விலையைக் குறைக்க மாட்டார். குளிர்கோட்டுகளின் தொப்பி ஓரத்தில் கயோட்டி முடி வைத்துத் தைத்த கனடா கூஸ் நிறுவனம் இனி உரோமம் வாங்குவதில்லை என்று 2021இல் அறிவித்தது. அந்த வாதமும் இப்போது வலுவிழந்துவிட்டது.

பெரிய விலங்குக்கு நேர்மாறான குண்டு வேண்டும். அது விரிய வேண்டும், ஆனால் சிதறக் கூடாது. இதில் ஒரு புகழ்பெற்ற தோல்வி உண்டு. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவர் மூஸ் எனப்படும் மிகப்பெரிய மானைச் சுட்டார். உடலெங்கும் சேறு காய்ந்து ஒட்டியிருந்த மூஸ் அது. அவருடைய குண்டுகள் போதிய ஆழத்துக்குப் போகாமல் உடைந்தன. துப்பாக்கி சக்திவாய்ந்ததுதான், வேகம் அதிகமாக இருந்ததே குண்டுக்கு எமனாயிற்று. ஊர் திரும்பியவர் கடைசல் எந்திரத்தில் புதுக் குண்டுகளைக் கடைந்தார். குண்டின் நடுவே செம்பிலேயே ஒரு குறுக்குச் சுவர். சுவருக்கு முன்னால் ஒரு ஈயக் கரு, பின்னால் இன்னொன்று. முன்பாதி விரிந்து கிழிக்கும், சுவர் வந்ததும் விரிவது நிற்கும், பின்பாதி எடையோடு உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948இல் அதை விற்க நிறுவனம் தொடங்கினார். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒரே குண்டுக்குள் உடைய வேண்டிய பாதியையும் உடையக் கூடாத பாதியையும் வைத்துக் கட்டியவர் என்ற முறையில் இந்தத் துறையில் என் ஓட்டு நோஸ்லருக்கே.

யானைக்கு வந்தால் விரியவே கூடாது. மண்டையோட்டுக்குள் தேன்கூடு அமைப்பில் எலும்பு. விரிகிற குண்டு அதற்குள்ளேயே நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது முழுவதும் உறை மூடிய வெறும் 7 மில்லிமீட்டர் குண்டு. தந்தத்துக்காக நடந்த அந்தக் கொலைகளைப் பாராட்ட எனக்கு மனமில்லை. ஆனால் பெரிய விலங்குக்குப் பெரிய துப்பாக்கி என்ற நம்பிக்கைக்கு அதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

விரியும் குண்டின் கதை நம் நாட்டோடும் கொஞ்சம் தொடர்புடையது. கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டமில் அன்று பிரிட்டிஷ் ஆயுதச் சாலை இருந்தது. புகையில்லா வெடிமருந்து வந்து, முழு உறையுள்ள சிறிய குண்டுகள் வேகமாகப் பறக்கத் தொடங்கிய 1890கள். எல்லைப்புறப் போர்களில் அவை எதிரியின் உடலை ஊசியாகத் துளைத்துப் போய்விட, அவன் நிற்காமல் ஓடி வருகிறான் என்று சிப்பாய்கள் முறையிட்டார்கள். டம்டமில் கேப்டன் நெவில் பெர்ட்டி-க்ளே முனையில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். அந்தக் குண்டுக்கே ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், மனித உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கை செய்தன. பிரிட்டன் முரண்டுபிடித்து 1907இல்தான் சேர்ந்தது.

போரில் எது தடையோ அதுவே வேட்டையில் கட்டாயம். கொலராடோ மாநிலத்தில் மான், கரடி, எல்க் எனப்படும் பெரிய மான் வகை போன்ற பெரிய விலங்குகளை விரியும் குண்டால் மட்டுமே சுடலாம். முழு உறைக் குண்டு கூடாது. முதல் பார்வைக்கு இது முரணாகத் தோன்றும். காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிப்போய்ச் சிகிச்சை செய்ய ஆளிருக்கிறது, அவன் பிழைக்க வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். காயம்பட்ட எல்க்குக்கு யாருமில்லை. சுட்டால் அது சீக்கிரம் சாக வேண்டும். இரண்டு சட்டங்களுமே வேதனையைக் குறைக்க எழுதியவை. அதே கொலராடோ விதியில் குறைந்தபட்ச எடையும் உண்டு: மானுக்கு 70 கிரெயின், எல்க்குக்கும் மூஸுக்கும் 85. நம்முடைய 58 கிரெயின் கயோட்டிக் குண்டை மான் மேல் சுட்டால் அங்கே சட்டப்படியும் குற்றம்.

காற்றின் விளையாட்டைச் சொல்லாவிட்டால் கயோட்டி வேட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் காற்று வீசினால், 275 மீட்டர் தொலைவில் 58 கிரெயின் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் விலகிவிடும். கயோட்டியின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் இடமோ அரைச் சாண்தான். குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறதோ அவ்வளவு விலகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அதே தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தை விட எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறதோ, அந்தத் தாமதத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வருவதே விலகல். அதாவது காற்றுத் தடைக்கு எவ்வளவு வேகத்தைப் பறிகொடுக்கிறது என்பதே கேள்வி. அதனால்தான் நீண்டு மெலிந்த, கனமான குண்டுகள் புறப்படும்போது மெதுவாக இருந்தும் தொலைவில் நேராகப் போகின்றன. நீண்ட குண்டை நிலைநிறுத்தக் குழலில் புரி நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதை 1879இலேயே ஆல்ஃபிரட் கிரீன்ஹில் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் சூத்திரமாக எழுதிவிட்டார். தொலைவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு: வேகம் குறைந்து வந்து மோதும் குண்டு, வடிவமைத்தபடி உடையாமலே போகலாம். பெட்டியில் எழுதியிருப்பது குழல்வாய் வேகம். விலங்கு சந்திப்பது வேறு வேகம்.

இனி, சுட்ட பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். மானைச் சுட்டவர் குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டு இறைச்சியை எடுத்துப் போவார். கயோட்டியைச் சுட்டவர் பெரும்பாலும் உடலை அப்படியே போட்டுவிட்டுப் போவார். இரண்டையும் கழுகும் அண்டங்காக்கையும் தின்னும். மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை 2008இல் ஆட்டு உடல்களில் பலவகைக் குண்டுகளைச் சுட்டு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தது. வேகமாக விரியும் ஈயக் குண்டுகள் ஒவ்வோர் உடலிலும் சராசரியாக நூற்றுக்கும் மேற்பட்ட துணுக்குகளை விட்டிருந்தன. காயத்திலிருந்து ஓர் அடிக்கும் அப்பால்கூடச் சில கிடந்தன. முழுச் செம்புக் குண்டு விட்டவை மிகச் சில. மானுக்கான குண்டே இப்படியென்றால், பொடியாகவேண்டும் என்றே செய்த கயோட்டிக் குண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பறவையின் வயிற்று அமிலம் அந்தப் பொடியைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது.

கலிஃபோர்னியா கொண்டார் என்ற மாபெரும் பிணந்தின்னிப் பறவை 1982இல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தது. 1987க்குள் எஞ்சியவை எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டார்கள். விட்ட பறவைகளைச் சாகடித்ததில் முதல் காரணம் ஈயம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி நம் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த கதையை நாம் அறிவோம். 2006இல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தோம். கலிஃபோர்னியாவும் அதே வழியில் 2008இல் கொண்டார் வாழும் பகுதிகளிலும், 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் ஈயக் குண்டுகளைத் தடை செய்தது.

செம்புக்கு மாறுவது ஒரே நாளில் முடிகிற வேலையில்லை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பு 9க்குச் சற்றுக் கீழே. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிறது. நீளமானால் கிரீன்ஹில் சொன்னபடி நெருக்கமான புரி வேண்டும். பழைய துப்பாக்கிக்கு இதனால் எடை குறைந்த குண்டுதான் ஒத்துவரும். செம்பு ஈயத்தை விடக் கடினம் என்பதால் விரிய வேகமும் கூடுதலாகத் தேவை. 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ் குண்டு முனையில் துளையிட்டு, நான்கு இதழாகப் பிரியும்படி அமைத்து இதைச் சமாளித்தது. எடையில் ஏறக்குறைய எதையும் இழக்காமல் ஆழப் போகும் குண்டு என்பதால் எல்க் வேட்டைக்காரர்கள் சட்டம் வருவதற்கு முன்பே அதை விரும்பி வாங்கினார்கள். கயோட்டிக்கு உடையும் குண்டல்லவா வேண்டும்? செம்புத் தூளையும் வெள்ளீயத் தூளையும் அழுத்திச் செய்த கருவை மெல்லிய உறைக்குள் வைத்த குண்டுகள் அதற்கு வந்துவிட்டன. அவையும் பொடியாகின்றன, அந்தப் பொடியில் ஈயமில்லை.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் முதுமலைக்குக் கிளம்ப வேண்டாம். வயோமிங்கிலோ கொலராடோவிலோ குடியிருந்து, பண்ணைக்கார அண்டை வீட்டுக்காரர் எந்தக் குண்டு வாங்கலாம் என்று கேட்டால், என் பதில் இது. எல்க்குக்கு உடையாத முழுச் செம்பு. மானுக்கும் அதுவே, துப்பாக்கிக் குழலின் புரி ஏற்றுக்கொள்ளும் எடையில். கயோட்டிக்கு உடைகிற, ஈயமில்லாத குண்டு. விலை கூடுதல்தான், ஆனால் உடலை வெளியில் போட்டுவிட்டு வருகிறவருக்கு அதைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். கொண்டார்களின் எண்ணிக்கை கூண்டிலும் காட்டிலுமாகச் சேர்ந்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. காட்டில் இருப்பவற்றின் சாவுக்குக் காரணங்களில் முதலிடம் இன்னும் ஈயத்துக்குத்தான்.